படிக்கப் பணம் உண்டு, வாங்கத்தான் பாடு!

பிளஸ்-2 முடிவு வந்த வீட்டில் முதல் நாள் மிட்டாய். இரண்டாம் நாள் கணக்கு.

"காலேஜுக்கு எவ்வளவு ஆகும்?"

இந்தக் கேள்வி எழுந்ததும் தகப்பனார் வாசலில் போய் நிற்பார். தாயாரின் கை கழுத்துச் சங்கிலியைத் தடவும். மகள் ஒன்றும் பேசமாட்டாள். தலையைக் குனிந்துகொள்வாள்.

கோடை முடியும் நேரத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் இந்தக் காட்சியைக் காணலாம்.

இது உழைப்பாளிகள் வாழும் வட்டாரம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் ஏற்பட்டது. நாட்டின் டாங்கிகள் அங்கேதான் செய்யப்பட்டன. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. லேத், அச்சு வார்ப்பு, உதிரி பாகம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு வந்தார்கள். குடியேறினார்கள். குடும்பம் நடத்தினார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள்.

அவர்களுக்கு உதவ அரசாங்கத்திடம் திட்டம் இல்லையா?

இருக்கிறது. ஒன்றல்ல, பல இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் பணம். ஓர் அடி தள்ளி நின்றால் ஒன்றும் இல்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான். ஆனால் உங்கள் தெருவிலும் இருக்கும்.

தகப்பனார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். ஓவர்டைம் சேர்த்து மாதம் 22,000 ரூபாய் வருகிறது. மூத்த மகன் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறான். இளைய மகள் பிளஸ்-2 தேறிவிட்டாள். என்ஜினீயரிங் படிக்க ஆசை. கவுன்சிலிங்கில் இடமும் கிடைத்துவிட்டது. எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

இவள் எந்தெந்தக் கதவைத் தட்டலாம்?

முதல் கதவு: பள்ளிக்கூடம்

அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவிகித இட ஒதுக்கீடு உண்டு. தமிழக அரசு 2021-ல் கொண்டுவந்த சட்டம் இது. அந்த இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டிவிடும்.

"புதுமைப் பெண்" திட்டம் 2022 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய். பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் இதில் சேர்த்தார்கள். ஆண் பிள்ளைகளுக்கு "தமிழ்ப் புதல்வன்" 2024 ஆகஸ்டில் வந்தது.

நல்ல திட்டங்கள். ஆனால் நம் மகளுக்கு இல்லை!

ஏன்? அவள் படித்தது தெருமுனையில் இருக்கும் சிறிய இங்கிலீஷ் மீடியம் பள்ளி. "நம்மைப் போல் பிள்ளையும் கஷ்டப்படக் கூடாது" என்று வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்கள். அந்தத் தியாகமே இன்று குறுக்கே நிற்கிறது.

இரண்டாம் கதவு: வருமானம்

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஆகிய மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

மாதம் 22,000 என்றால் ஆண்டுக்கு 2,64,000. கோட்டைத் தாண்டி 14,000 ரூபாய்!

ஓவர்டைம் பார்க்காமல் சும்மா இருந்திருந்தால் உதவி கிடைத்திருக்கும். உழைத்ததால் போயிற்று.

ஆதிதிராவிட மாணவர்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் இந்த 2.5 லட்சம் என்ற கோடு 2013-ல் போடப்பட்டது. 2025-லும் அதே கோடுதான். இடையில் அரிசி விலை ஏறியது. வீட்டு வாடகை ஏறியது. சம்பளமும் கொஞ்சம் ஏறியது. கோடு மட்டும் நகரவில்லை.

மூன்றாம் கதவு: முதல் பட்டதாரி

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிறவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010-ல் தமிழக அரசு கொண்டுவந்தது. சாதி பேதம் கிடையாது. கவுன்சிலிங் மூலம் தொழிற்கல்வியில் சேர்ந்திருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது.

இதுவும் நம் மகளுக்கு இல்லை. அண்ணன் பி.காம். படித்துவிட்டானே! அவனுக்கு வேலை கிடைத்ததா, சம்பளம் வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. பட்டம் வாங்கினான். அவ்வளவுதான். கதவு சாத்தியாயிற்று.

காகித யாத்திரை

தகுதி உள்ளவர்களுக்கும் பாடு தீர்வதில்லை. வருமானச் சான்று வேண்டும். சாதிச் சான்று வேண்டும். இருப்பிடச் சான்று வேண்டும்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனுப் போட்டால், மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போகும். பிறகு வருவாய் ஆய்வாளர். பிறகு மண்டலத் துணைத் தாசில்தார். ஓர் இடத்தில் நின்றாலும் மனு நின்றுவிடும். கல்லூரி கொடுத்த கெடு நிற்காது!

எல்லைத் தகராறு வேறு. அம்பத்தூர் தாலுகா 2018-ல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. வாடகை குறைவு என்று அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு வீடு மாறினால் மாவட்டமே மாறிவிடும். தாசில்தாரும் மாறிவிடுவார். ஆதாரில் பழைய விலாசம், ரேஷன் கார்டில் புது விலாசம் என்றால் மறுபடியும் அலைச்சல்.

பெயரிலும் சிக்கல். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான் உண்டு. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும். பான் கார்டில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும். "இந்த மூவரும் ஒருவர்தானா?" என்று கம்ப்யூட்டர் சந்தேகப்படும்!

கடைசிக் கதவு: பாங்கி

உதவி கிடைக்காதவர்களுக்குக் கடன்தான் வழி. இங்கேதான் பெரும்பாலோர் பயந்து திரும்பிவிடுகிறார்கள். "என்ன சொத்து இருக்கிறது?" என்று ஒரு கேள்வி வந்தால் போதும். வாடகை வீட்டுக்காரர் எழுந்து வந்துவிடுவார்.

எழுந்து வர வேண்டாம்! சட்ட திட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. இது 2010-ல் ரிசர்வ் பாங்கி போட்ட உத்தரவு. 2015-ல் மத்திய அரசு ஒரு உத்தரவாத நிதியை ஏற்படுத்தியது. அதன்படி 7.5 லட்சம் வரை சொத்து இல்லாமலும் மூன்றாம் மனிதர் ஜாமீன் இல்லாமலும் பாங்கிகள் கடன் கொடுக்கலாம். தாயாரோ தகப்பனாரோ சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"உங்கள் வீடு எங்கள் கிளை எல்லையில் இல்லை" என்று சொன்னால்? அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடன் மனுவைத் தள்ளக் கூடாது என்று 2012-ல் ரிசர்வ் பாங்கி சொல்லிவிட்டது.

"பழைய கடன் பாக்கி இருக்கிறது, சிபில் மார்க் குறைவு" என்று சொன்னால்? மார்க் குறைவு என்பதற்காக மட்டும் மாணவர்களின் மனுவை நிராகரிக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்புச் சொன்னது. அது கேரளத் தீர்ப்புதான். ஆனாலும் இங்கே எடுத்துக் காட்டலாம்.

வட்டிச் சலுகையை விடாதீர்கள்

நம் குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 ஆண்டுகளில் 4 லட்சம் கடன். வட்டி 10 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்த பிறகும் ஓர் ஆண்டு தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 4 ஆண்டுகளில் 1 லட்சம். ஐந்தாம் ஆண்டில் 40,000. ஆக, முதல் தவணை கட்டுவதற்கு முன்பே 1,40,000 ரூபாய் வட்டி!

இந்த வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் ஒன்று 2009 முதல் இருக்கிறது. தொழிற்கல்வி அல்லது தொழில்நுட்பப் படிப்பாக இருக்க வேண்டும். தரச் சான்று பெற்ற கல்லூரியாக இருக்க வேண்டும். வருமானம் 4,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

நம் தகப்பனாரின் வருமானம் 2,64,000. தகுதி உண்டு! மூன்று கதவு சாத்தியவர்களுக்கு இந்த நான்காம் கதவு திறக்கிறது. ஆனால் வருமானச் சான்றைக் காட்டிக் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காதவர்கள் 1,40,000 ரூபாயை இழக்கிறார்கள்.

லண்டனிலும் இதே பாடு

இது ஏழை நாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். பணக்கார நாடான இங்கிலாந்திலும் இதே பாடுதான்.

அங்கே 1962-ல் ஒரு சட்டம் வந்தது. தகுதி உள்ள மாணவர்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்குக்கூடப் பணம் கொடுத்தார்கள். பிறகு கை சுருங்கியது. 1990-ல் கடன் முறை வந்தது. 1998-ல் ஆண்டுக்கு 1,000 பவுன் கட்டணம் வந்தது. 2012-ல் அது 9,000 பவுன் வரை ஏறியது.

கடன் வாங்க அங்கேயும் ஒரு கோடு உண்டு. நாட்டில் இத்தனை ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும். நிரந்தரக் குடியுரிமையும் வேண்டும் என்றார்கள். ஜாம்பியாவில் பிறந்த ஒரு பெண், 6 வயதில் அங்கே போனவள். அங்கேயே படித்தாள். பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. ஆனால் நிரந்தரக் குடியுரிமை இல்லை என்று கடன் மறுக்கப்பட்டது. அவள் விடவில்லை. வழக்குப் போட்டாள். 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தாள். "டிகேரே வழக்கு" என்று அதற்குப் பெயர். அதன் பிறகு விதியையே மாற்றினார்கள். வாழ்நாளில் பாதியை அங்கே கழித்த இளைஞர்களும் கடன் கேட்கலாம் என்று ஆயிற்று.

ஒரு பெண் "ஏன்?" என்று கேட்டாள். கோடு நகர்ந்தது!

செய்ய வேண்டியது என்ன?

முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிளஸ்-2 படிக்கும்போதே சான்றுகளை வாங்கி வையுங்கள். வருமானச் சான்று ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். அதையும் கவனியுங்கள்.

பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்விக் கடனுக்கு "வித்யாலட்சுமி" இணையதளத்தில் மனுப் போடுங்கள். மனுவுக்கு எண் கிடைக்கும். தேதி பதிவாகும். வாய்ப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. எண்ணுக்குச் சாட்சி உண்டு.

"முடியாது" என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிளை மானேஜர் தானாக மனுவைத் தள்ளிவிட முடியாது. மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பாங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது.

கந்துவட்டிக்காரரிடம் போவது இதற்கெல்லாம் பிறகும் வேண்டாம். அவர் ஒரு காகிதமும் கேட்கமாட்டார். அதுதான் ஆபத்து!

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் செய்தது. அந்த ஆவடி வீதிகளில் இன்று ஒரு தகப்பனார் மகளை சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கும் பாங்கிக்குமாக அலைகிறார்.

அவர் தர்மம் கேட்கவில்லை. மகள் படித்துச் சம்பாதித்துத் திருப்பிக் கட்டுவாள். கடன்தான் கேட்கிறார்.

கோடு போடுகிறவர்கள், 14,000 ரூபாய் தள்ளி நிற்கும் அந்தப் பெண்ணையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அதுவரை தாயாரின் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். முதலில் மனுப் போடுங்கள்!