உஷார்! தூக்கி நிற்கும் இன்ஜினுக்கு அடியில் கை நீட்டாதீர்கள்

மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், அதிராம்பட்டினம் கரைகளில் அவுட்போர்டு படகு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். பட்டனை அழுத்தி இன்ஜினை மேலே தூக்கியதும் டில்ட் லாக்கைப் போடாமல் அதன் அடியில் குனியாதீர்கள். ப்ரொப்பல்லரில் சுற்றிய வலையை எடுக்க ஒரு நிமிஷம்தானே என்று பலர் அப்படியே கையை விடுகிறார்கள். 40 குதிரைத்திறன் இன்ஜினே 100 கிலோவை ஒட்டி வரும். அத்தனை பாரத்தையும் தாங்குவது சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் கொஞ்சம் ஆயில். ஒரு சீல் கிழிந்தாலோ வால்வு தளர்ந்தாலோ இன்ஜின் இறங்கிவிடும்.

நம் கடலில் இன்ஜினைத் தூக்கி இறக்கும் இந்த டில்ட்டுக்கு வேலை அதிகம். பாக் விரிகுடாவின் இந்தக் கரையோரம் ஆழமில்லை, சேறும் கடற்புல்லும்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்ததே இந்தப் புல்லை நம்பி வாழும் உயிருக்காகத்தான். புல் மேட்டில் இன்ஜினைத் தூக்காமல் ஓட்டினால் புல்லும் நாசம், ப்ரொப்பல்லரும் நாசம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வாய்க்கால்களிலும் இதே கதைதான்.

டில்ட்டில் கோளாறு வந்தால் முதலில் காதைக் கொடுங்கள். பட்டனை அழுத்தியும் சத்தமே இல்லையா? ஃபியூஸையும் பேட்டரி முனைகளையும் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் ரிலே வேலை செய்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். பட்டனை அழுத்தும்போது 10-க்குக் கீழே விழுந்தால் மோட்டாரைக் கழற்றும் முன் பேட்டரியைக் கவனியுங்கள். மேலே ஏறி, இறங்க மறுத்தால் ஏற்றும் ரிலே, இறக்கும் ரிலே இரண்டும் ஒரே வகைதானா என்று பார்த்து இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே திசை மாறினால் குற்றவாளி ரிலேதான்.

மோட்டார் ஓடியும் இன்ஜின் ஏறவில்லை, அல்லது ஏறிய இன்ஜின் ராத்திரிக்குள் தானாக இறங்கியிருக்கிறது என்றால்தான் எனக்குப் பயம். ஆயில் குறைந்திருக்கலாம், சீல் போயிருக்கலாம், கையால் திறக்கும் ரிலீஸ் வால்வை யாரோ சரியாக இறுக்காமல் விட்டிருக்கலாம். அந்த வால்வு தளர்ந்த படகில் ரிவர்ஸ் போட்டால் இன்ஜின் தண்ணீரை விட்டு எம்பிவிடும். முகத்துவாரத்தில் எதிரே படகு வரும்போது நிறுத்த வழியே இருக்காது. வாடைக்காற்று நாளில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆயிலைப் பார்க்க இன்ஜினை முழுக்கத் தூக்கி, லாக் போட்டு, கயிற்றாலும் கட்டிய பிறகே மூடியைத் திறங்கள். இறக்கிய நிலையில் திறந்தால் உள்ளே இருக்கும் அழுத்தத்தில் ஆயில் முகத்தில் பீய்ச்சும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது; மேலே ஊற்றிச் சமாளிக்காதீர்கள், சீலை மாற்றுங்கள். கிடைத்த எண்ணெயை ஊற்றாமல் இன்ஜின் புத்தகத்தில் சொன்ன ஆயிலையே வாங்குங்கள். ஊற்றியபின் நாலைந்து தடவை ஏற்றி இறக்கினால் காற்று வெளியேறும். ரிலீஸ் வால்வைத் திருப்புவதானால் கப்பியில் பாரத்தைத் தாங்கவிட்டு, ஆட்களை விலக்கிய பிறகுதான்.

மீட்புப் படகுகளைப் பராமரிப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். 2022 ஆகஸ்டில் கொள்ளிடம் ஆறு பெருகி நாதல்படுகை, முதலைமேடு திட்டு ஆகிய கிராமங்களைச் சூழ்ந்தது. வயலும் வரப்பும் முள்வேலியும் தண்ணீருக்கடியில் மறைந்து கிடக்கும் அப்படிப்பட்ட வெள்ளத்தில் இன்ஜினை நொடிக்கு நொடி ஏற்றி இறக்கித்தான் போக முடியும். ஷெட்டில் நிற்கும் படகை இந்த வாரமே வெளியே இழுங்கள். இன்ஜினைத் தூக்கி, சிலிண்டர் தண்டில் சாக்பீஸால் கோடு போட்டு, லாக் போடாமல், கீழே யாரும் போகாதபடி தடுத்து ஓர் இரவு விட்டுவையுங்கள். காலையில் கோடு நகர்ந்திருந்தால் சரிசெய்யும் வரை அந்தப் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.