உடையாத லென்ஸ்: பொருளில் பாதி, கைவேலையில் பாதி

மூக்குக்கண்ணாடியின் மேல் கல்லோ பந்தோ மோதினால் லென்ஸ் உள்நோக்கி வளைகிறது. அடிபட்ட முன்பக்கம் அமுங்குகிறது. கண்ணைப் பார்த்திருக்கும் பின்பக்கம் இழுபடுகிறது. கண்ணாடி போன்ற நொறுங்கும் பொருள்கள் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் பல சமயம் விரிசல் பின்பக்கத்திலேயே பிறக்கிறது. தெறிக்கும் சில்லுக்குக் கண் மிக அருகில் இருக்கிறது. அடி தாங்கும் லென்ஸ் என்பது அந்த இழுப்பைத் தாங்கும் லென்ஸ்தான்.

நீண்ட காலம் லென்ஸ் என்றாலே கண்ணாடிதான். அதை வலுவாக்க உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் பல மணி நேரம் ஊறவைப்பார்கள். மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அதே இடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகின்றன. மேற்பரப்பு எப்போதும் அமுங்கிய நிலையிலேயே இருப்பதால், விரிசல் பிறக்க வேண்டுமானால் அந்த அமுக்கத்தை முதலில் வென்றாக வேண்டும். ஆனால் ஆழமான கீறல் ஒன்று விழுந்தால் அந்தக் காப்பு அந்த இடத்தில் போய்விடும். கண்ணாடியின் கனமும் மூக்கை அழுத்தும்.

அடுத்து வந்தது சிஆர்-39. அமெரிக்காவில் 1940 வாக்கில் உருவான பிசின் இது. வரிசையில் 39ஆவது கலவை என்பதால் அந்தப் பெயர். 1947இல் இதிலிருந்து லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். எடை கண்ணாடியில் ஏறத்தாழப் பாதி, தெளிவோ ஏறத்தாழ அதற்கு இணை. இன்றும் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் இதன் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிப் பிணைந்து இறுகியவை. ஒரு வரம்புக்கு மேல் அடி விழுந்தால் வளைந்து கொடுக்க வழியின்றி உடையும்.

எது போதுமான வலு என்பதற்குச் சோதனைகள் உண்டு. அமெரிக்காவில் 1972 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, சாதாரண மூக்குக்கண்ணாடி லென்ஸின் மேல் சுமார் 16 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட வேண்டும். லென்ஸ் உடையக் கூடாது. பட்டறைப் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இசட்87.1 தரத்தில் சோதனை இன்னும் கடுமை. அதிர்ச்சி தாங்கும் வகை என்று முத்திரை பெற, 6.35 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு விநாடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில் வந்து மோதுவதைத் தாங்க வேண்டும். ஒரு கிராமே எடையுள்ள இந்தச் சிறு குண்டு, முதல் சோதனையைப்போல ஐந்து மடங்கு ஆற்றலைக் கொண்டுவந்து ஒரு சிறு புள்ளியில் இறக்குகிறது. சாணைக்கல்லிலிருந்து தெறிக்கும் இரும்புத் துகள் கண்ணைத் தாக்குவதும் இப்படித்தான்.

இந்தக் கடுமைக்கு ஈடுகொடுப்பது பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் இருவரும் தனித்தனியே கண்டறிந்த பொருள். சந்திரனுக்குச் சென்ற அப்போலோ வீரர்களின் தலைக்கவசக் குமிழும் இதனால் ஆனதே. இதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கட்டப்படாத நீண்ட சங்கிலிகள். அடி விழும்போது அவை ஒன்றின்மேல் ஒன்று நழுவி ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. லென்ஸில் பள்ளம் விழுந்தாலும் அது எளிதில் சிதறுவதில்லை.

இதற்குப் போட்டியாக 2001இல் வந்தது ட்ரைவெக்ஸ். இராணுவத்துக்கான ஒளி ஊடுருவும் கவசம் தேடிய ஆய்விலிருந்து பிறந்தது. அடர்த்தி 1.11 மட்டுமே, பாலிகார்பனேட்டுக்கு 1.20. இரண்டும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். வேறுபாடு தெரிவது பார்வையில். நிறங்களைச் சிதறவிடாமல் காட்டும் திறனை ஆபே எண் என்பார்கள்: சிஆர்-39க்கு 58, ட்ரைவெக்ஸுக்கு சுமார் 44, பாலிகார்பனேட்டுக்கு 30. எண் குறையக் குறைய, லென்ஸின் ஓரத்தால் பார்க்கும்போது எழுத்துகளின் விளிம்பில் நீலமும் மஞ்சளும் கசியும். மைனஸ் 2 பவருக்கு இது பெரும்பாலும் தெரியாது. மைனஸ் 6 பவர்காரர் கவனிப்பார். ஆனால் அதே மைனஸ் 6க்கு, ஒளிவிலகல் எண் 1.53 கொண்ட ட்ரைவெக்ஸைவிட 1.586 கொண்ட பாலிகார்பனேட் லென்ஸின் ஓரம் மெல்லியதாக அமையும். ஒன்றைப் பெற்றால் ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

பொருளைத் தேர்ந்ததோடு வேலை முடிவதில்லை. பாலிகார்பனேட் குருணையை அச்சில் வார்க்கும்முன் சுமார் 120 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் உலர்த்துவார்கள். ஈரம் எஞ்சியிருந்தால் உருக்கும் சூட்டில் நீண்ட சங்கிலிகள் துண்டாகி, வலு போய்விடும். ஓரம் வெட்டுபவருக்கும் அதே கவனம் வேண்டும். பாலிகார்பனேட் உராய்வுச் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றே உள்ள சக்கரத்தால் பெரும்பாலும் நீரின்றி வெட்டி, மெருகேற்றும்போதுதான் நீர் விடுகிறார்கள். வெட்டிய விளிம்பின் கூர்மையைச் சற்றே சீவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அங்கிருந்தே விரிசல் தொடங்கும். பிரேமைவிடப் பெரிதாக வெட்டித் திணித்தால் லென்ஸ் நிரந்தர அழுத்தத்தில் சிக்கும். அசிட்டோன் பட்டால் பாலிகார்பனேட்டில் நுண்விரிசல் படரும். கடையில் பிரேம் துடைக்கும் திரவத்தில்கூட அது இருக்கக் கூடாது. துளையிட்டுத் திருகும் ரிம்லெஸ் பிரேமுக்கு ட்ரைவெக்ஸே நல்லது: வார்ப்பில் உள்ளழுத்தம் குறைவு, துளையைச் சுற்றி எளிதில் வெடிக்காது.

பாலிகார்பனேட், ட்ரைவெக்ஸ் இரண்டுமே மென்மையான பொருள்கள் என்பதால் கீறலைத் தடுக்கக் கடினப் பூச்சு அவசியம். ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு அதற்கு மேல் வரும். இந்த மெல்லிய அடுக்குகள் நொறுங்கும் தன்மை கொண்டவை. அவற்றில் பிறக்கும் விரிசல் கீழுள்ள லென்ஸுக்குள்ளும் இறங்கலாம். அதனால் பூச்சின் தரமும் லென்ஸின் வலுவில் சேர்த்திதான்.

குழந்தைகள், விளையாட்டு வீரர்கள், ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்கள் ஆகியோருக்குப் பாலிகார்பனேட்டோ ட்ரைவெக்ஸோ தவிர வேறெதையும் ஏற்க வேண்டாம். லேத், வெல்டிங், கல் உடைக்கும் வேலைக்கு அது மட்டும் போதாது. அடி விழும்போது லென்ஸைப் பின்னே நழுவவிடாத பிரேமும் பக்கக் காப்பும் வேண்டும். வாங்குமுன் லென்ஸிலும் பிரேமிலும் பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் ஆழமான கீறல் விழுந்த லென்ஸைத் தெளிவாகத் தெரிகிறதே என்று வைத்துக்கொள்ளாமல் மாற்றிவிடுங்கள். அடுத்த அடியில் அது உடையத் தொடங்கும் இடம் அந்தக் கீறலாக இருக்கலாம்.