வல்லுநர் சாட்சி: யாரை அழைப்பது?

2020 மே மாதம். கர்நாடகச் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு, கொரோனாவுக்காக அரசு வாங்கிய மருத்துவச் சாதனங்களை நேரில் போய்ப் பார்க்க முடிவெடுத்தது. குழுவின் தலைவர் எதிர்க்கட்சியான காங்கிரஸின் எச்.கே. பாட்டீல். சபாநாயகர் விஸ்வேஸ்வர ஹெக்டே காகேரி குழுக்களின் நேரடி ஆய்வுகளையே நிறுத்திவைத்தார். ஆட்சி மாறி, 2023 ஆகஸ்டில்தான் அந்தக் கொள்முதலை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது.

இப்படி ஒரு கொள்முதலைச் சட்டமன்றக் குழு விசாரிக்கிறது என்றால், எம்.எல்.ஏ.க்களுக்கு வெண்டிலேட்டரின் விலையோ தரமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவரை அழைக்கலாம். அங்கேதான் தவறு நடக்கும். பெயர்பெற்ற பேராசிரியர் ஒருவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் அவரிடமே கேட்பார்கள்.

கவச உடையை எடுத்துக்கொள்வோம். அது ரத்தத்தை உள்ளே விடாமல் தடுக்கிறதா என்பதைச் சொல்ல டாக்டர் போதாது. செயற்கை ரத்தத்தைப் பீய்ச்சிச் சோதிக்கும் ஆய்வகக்காரர் வேண்டும். 2020-ல் அந்தச் சோதனையைச் செய்த இடங்களில் ஒன்று, கோவையிலுள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா. விலை நியாயமா என்று சொல்ல, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற இடத்தில் வருடக்கணக்கில் மொத்தக் கொள்முதல் செய்து ஓய்வுபெற்றவர் வேண்டும். டெண்டர் இல்லாமல் வாங்கியது சரியா என்பதற்கோ, 1999-ஆம் ஆண்டின் கர்நாடகக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் விலக்கு தரும் 4(ஜி) பிரிவைக் கோப்புகளில் பார்த்துப் பழகியவர்.

கோப்பில் கையெழுத்திட்ட செயலாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வல்லுநர் ஆகமாட்டார். நடந்ததைச் சொல்லவேண்டிய சாட்சி அவர். சப்ளை செய்த கம்பெனியிடம் ஆலோசனைக் கட்டணம் வாங்கியவரும் வேண்டாம். யாரிடம் என்ன வாங்கினார் என்பதை, அழைப்பு அனுப்பும்போதே எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியம், சொல்லும் எண்ணுக்கு ஆதாரம். பெங்களூரிலேயே உதாரணம் இருக்கிறது. நீதிமன்றத்தில் நடந்தது என்பதுதான் வித்தியாசம். ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில் பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் கட்டடங்களை அளந்து, செலவு சுமார் 28 கோடி ரூபாய் என்றார்கள். 2014-ல் வழக்கை விசாரித்துத் தீர்ப்பளித்த இதே டி'குன்ஹா அதில் 20 சதவீதத்தைக் கழித்தார். 2015-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சுமார் 5.10 கோடி என்றது. 2017-ல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்துசெய்து, டி'குன்ஹாவின் தீர்ப்பை நிலைநிறுத்தியது. அதே கட்டடங்கள், அதே சாட்சியம்; தொகை மட்டும் இத்தனை தடவை மாறியது. கட்டடத்தில் பதித்த மார்பிளுக்கு இந்த விலையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற கேள்விக்கு ரசீதையோ விலைப்பட்டியலையோ எடுத்துக் காட்டத் தெரிந்தவரே உபயோகமான வல்லுநர். பட்டமும் பதவியும் அதற்குப் பிறகுதான்.

குழுவின் விசாரணை பெரும்பாலும் மூடிய அறைக்குள் நடக்கும். அறிக்கைதான் அவைக்கு வரும். அடுத்த முறை அப்படி ஓர் அறிக்கை வெளியானால், பரிந்துரைகளுக்குப் போகுமுன் யார் யாரை விசாரித்தார்கள் என்று பாருங்கள். அத்தனை பேரும் வாங்கிய துறையின் அதிகாரிகளாகவே இருந்தால், அந்த அறிக்கையை நம்புவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.