முற்றத்தில் தொடங்கிய பள்ளி

ஆதிவாசிக் குழந்தை பாலர் பள்ளிக்கு வரத் தயங்கினால், அதனைப் பிடிவாதம் என்று சொல்லிவிடுதல் எளிது. மும்பைக்கு வடக்கே, போர்டி என்னும் கடலோரச் சிற்றூரில் 1945-இல் பணி தொடங்கிய தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் அவ்வாறு கருதவில்லை. ஒதுக்கப்பட்டோர் குடியிருப்பிலிருந்து குழந்தைகள் வாராமை கண்டு, ஆசிரியையரே அங்குச் சென்றனர். வீட்டு முற்றமே வகுப்பாயிற்று. ‘அங்கன்வாடி’ என்ற பெயரின் பொருளும் அதுவே.

பின்னர், கோஸ்பாட் குன்றில் வார்லி ஆதிவாசிகளிடையே இம்முறை வளர்ந்தது. விலையுயர்ந்த மாண்டிசோரிக் கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கல், இலை, விதை. குழந்தை நாளும் கையாண்ட பொருள்கள் அல்லவா! மாடு மேய்க்கும் சிறுவர்க்குப் புல்வெளியிலேயே பாடம். தம்பியை இடுப்பில் சுமந்துவரும் சிறுமிக்காகக் குழந்தைக் காப்பகமும் பள்ளியோடு இணைந்தது. குளிப்பும் ஆட்டமும் பாட்டும் முதலில், எழுத்து பிறகு.

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடி என்ற பெயரை நாடெங்கும் பரப்பியது. ஆயினும், குழந்தையின் தாய்மொழி அறியாத பணியாளர் இன்றும் பலர். வேற்று மாநிலப் பள்ளியில் தம் பிள்ளை முதல் நாள் வாய் திறவாது நின்றதைக் கண்ட நேயர்களுக்கு இவ்விடர் புதிதன்று. ஒடிசா மாநிலம் 2007-இல் சந்தாலி, சௌரா, குவி முதலிய பழங்குடி மொழிகளிலேயே தொடக்கப் பாடம் கற்பிக்க முற்பட்டது இதன்பொருட்டே.