கூலாய் தோட்டத்து மண்ணில் ஏஐ கணினிகள்: தண்ணீரும் மின்சாரமும் யாருக்கு?

செம்பனை நின்ற இடத்தில் இப்போது சன்னல் இல்லாத பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. கூலாய், செடெனாக், கேலாங் பாத்தா பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். பார்வைக்குத் தொழிற்சாலை போலத் தெரியும். ஆனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் தொழிலாளர் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்பதில்லை. உள்ளே இரவு பகலாக வேலை செய்பவை கணினிகள். இவைதாம் தரவு மையங்கள்.

சேட்ஜிபிடியிடம் ஒரு கேள்வி கேட்கிறோம், ஒரு படம் வரைந்து தரச் சொல்கிறோம். அதற்கான கணக்கை நம் கைப்பேசி போடுவதில்லை. எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கும் இயந்திரம் போட்டு, பதிலை மட்டும் அனுப்பி வைக்கிறது. அந்த ‘எங்கோ’ என்பது இன்று பெருமளவில் ஜோகூர் என்று ஆகியிருக்கிறது.

ஜோகூர் ஏன்? விடை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு பயன்பட்ட மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு மையங்களே எடுத்துக்கொண்டன. நிலமும் மின்சாரமும் போதாது என்று அந்நாட்டு அரசாங்கம் 2019 முதல் 2022 வரை புதிய மையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. நிறுவனங்கள் அடுத்த வீட்டைப் பார்த்தன. இங்கே நிலம் மலிவு, மின்சாரம் மலிவு, சிங்கப்பூருக்குக் கேபிள் இழுக்கும் தூரமும் குறைவு. 2022 கடைசியில் சேட்ஜிபிடி வந்து ஏஐ மோகம் பரவியதும் வேகம் பல மடங்கானது. 2024 மே மாதத்தில் மட்டும் மைக்ரோசாஃப்ட் 220 கோடி அமெரிக்க டாலரும், கூகள் 200 கோடி டாலரும் மலேசியாவில் முதலீடு செய்வதாக அறிவித்தன.

கூலாயில் ஒய்.டி.எல். பவர் குழுமம் அமைத்துவரும் தரவு மையப் பூங்கா, ‘கூலாய் யங்’ என்ற செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. பௌஸ்டெட் பிளான்டேஷன்ஸ் வைத்திருந்த 664 ஹெக்டர் நிலம் அது. 42 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் கொடுத்து வாங்கப்பட்டது. அதில் 275 ஏக்கரில் 500 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கக்கூடிய தரவு மையங்கள் திட்டமிடப்பட்டுள்ளன. சிலாங்கூரில் கூகள் தேர்ந்தெடுத்த எல்மினாவும் பழைய தோட்டப் பெயர்தான். தோட்டம் துண்டாடப்படுவது நமக்குப் புதிதல்ல. கோல்ஃப் திடல், வீடமைப்புப் பகுதி, நெடுஞ்சாலை என்று பார்த்தாகிவிட்டது. இந்த முறை வரும் விருந்தாளி நிலத்தோடு நிற்பதில்லை, தண்ணீரும் மின்சாரமும் கேட்கிறது. அதனால்தான் இது தோட்டத்தில் இருப்பவர்களோடு முடிந்துபோகாமல் ஜோகூர் பாரு அடுக்குமாடியில் இருப்பவர்களையும் தொடுகிறது.

ஒரு சிப், ஒரு சோற்றுப் பானை

ஏஐ வேலைக்குப் பயன்படும் என்விடியா எச்100 என்ற சிப் ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 700 வாட் எடுக்கிறது. நம் வீட்டு மின்சாரச் சோற்றுப் பானை எடுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வித்தியாசம் என்னவென்றால், பானை அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். சிப் ஓய்வதில்லை. அதற்குப் பின் வந்த புதிய வகையில் 72 சிப்புகளை ஒரே அலமாரியில் அடுக்குகிறார்கள். அந்த ஓர் அலமாரிக்கு மட்டும் 120 கிலோவாட் வேண்டும். மாதம் 400 யூனிட் பயன்படுத்தும் ஒரு தாமான் வீட்டோடு ஒப்பிட்டால், ஆளுயரத்துக்குச் சற்று மேலான அந்த அலமாரி 200 வீடுகளுக்குச் சமம்.

இதையே 100 மெகாவாட் மையம் ஒன்றுக்குப் பெருக்கிப் பார்க்கலாம். முழுத் திறனில் ஓடினால் மாதம் 7 கோடியே 20 லட்சம் யூனிட். மேலே சொன்ன தாமான் வீடுகளில் 1 லட்சத்து 80 ஆயிரம் வீடுகளுக்கு அது போதும். கூலாய் மாவட்டம் முழுவதிலும் 2020 கணக்கெடுப்பின்படி இருந்தவர்களே ஏறத்தாழ 3 லட்சத்து 30 ஆயிரம் பேர்தான். அதாவது அந்த மாவட்டத்தில் அத்தனை வீடுகளே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிவிப்புகளில் வரும் மெகாவாட் எண்கள் அதிகபட்சத் திறன். கட்டி முடித்து, இயந்திரம் நிரப்பி, முழுமையாக ஓடுவதற்கு ஆண்டுகள் ஆகும். தெனாகா நேஷனல் தரவு மையங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் 2025இல் 5,000 மெகாவாட்டைத் தாண்டின. அந்த மையங்கள் உண்மையில் எடுத்த மின்சாரம் அதில் சிறு பகுதியே. என்றாலும் தீபகற்பத்தின் உச்ச மின்தேவையே சுமார் 20,000 மெகாவாட் என்னும்போது, ஒப்பந்தத்தில் இருப்பது கால் பங்கு. உலக அளவிலும் இதே போக்குதான். அனைத்துலக எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024இல் உலகத் தரவு மையங்கள் 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன. 2030இல் அது 945 ஆகும் என்று அம்முகமை கணிக்கிறது.

அந்த மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. தீபகற்பத்தில் பெரும்பகுதி நிலக்கரியும் எரிவாயுவும். காப்பார், மஞ்சோங், பொந்தியானுக்கு அருகே தஞ்சோங் பின் நிலையங்களில் எரியும் நிலக்கரி கப்பலில் வருகிறது. 2044க்குள் நிலக்கரியைக் கைவிடுவது அரசாங்கத்தின் இலக்கு. தரவு மைய நிறுவனங்கள் சூரியசக்தி பற்றி நிறையப் பேசுகின்றன. கூலாய் பூங்காவிலும் அதற்கான திட்டம் உண்டு. பகலில் உதவும். இரவு 2 மணிக்கு அமெரிக்காவிலிருந்து ஒருவர் கேள்வி கேட்டால் அதற்குப் பதில் சொல்வது பெரும்பாலும் எரிவாயுவும் நிலக்கரியும்தான்.

மண்பானைக் கணக்கு

கணினிக்கு ஏன் தண்ணீர் என்று பலர் கேட்கிறார்கள். சிப்புக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. 100 மெகாவாட் உள்ளே போனால் 100 மெகாவாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும், இல்லையென்றால் இயந்திரம் நின்றுவிடும். அதற்கு மலிவான வழி நம் பாட்டிமார் அறிந்ததுதான். மண்பானையில் ஊற்றிய தண்ணீர் மெல்லக் கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. குளிரூட்டும் கோபுரம் செய்வதும் அதே வேலை.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 0.67 யூனிட் மின்சாரம் கொடுத்த வெப்பம் போகும். இந்த வழியை மட்டுமே நம்பும் 100 மெகாவாட் மையம், முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 36 லட்சம் லிட்டரை ஆவியாக்கும். மலேசியர் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்கு 220 லிட்டருக்கும் மேல் பயன்படுத்துகிறார். ஆக அது 16,000 பேரின் தண்ணீர். குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் சாக்கடை வழியாகவாவது ஆற்றுக்குத் திரும்பும். இது காற்றில் போய்விடுகிறது.

தண்ணீர் இல்லாமலும் குளிரூட்டலாம். ஒரே நீரை மூடிய குழாயில் சுற்றவிட்டு, வீட்டு ஏர்கோன் போல் காற்றாடி வைத்து வெப்பத்தைத் தள்ளலாம். அப்போது தண்ணீர்ச் செலவு வெகுவாகக் குறையும். மின்சாரச் செலவு ஏறும். நம் ஊர்க் காற்று ஏற்கனவே ஈரமும் சூடும் நிறைந்தது என்பதால் இரண்டு வழியும் இங்கே குளிர் நாடுகளைவிடச் சிரமம். ஆகவே ஒரு நிறுவனம் ‘எங்கள் மையம் மிகக் குறைந்த நீரில் இயங்கும்’ என்று அறிவித்தால், மின்சாரம் எவ்வளவு கூடும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். செய்தியாளர் கூட்டங்களில் இந்த இரண்டாவது எண் அவ்வளவு எளிதில் வாய்க்கு வருவதில்லை.

தரவு மையச் சேவைக்கு ‘மேகம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடல்நீரைக் குடித்துக் கறுத்து எழும் மேகம் தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்குப் பழக்கமான காட்சி. அந்த மேகம் குடித்ததைத் திருப்பிப் பெய்யும் என்பதால்தான் புலவர்கள் புகழ்ந்தார்கள்.

ஜோகூருக்குத் தண்ணீர் எப்போதுமே நுட்பமான விவகாரம். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் 2061 வரை ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் எடுக்கலாம். அந்த ஆற்றுக்கு வறட்சிக் காலத்தில் கைகொடுப்பது லிங்கியு நீர்த்தேக்கம். 2016 அக்டோபரில் அதன் நீர்மட்டம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அப்போது ஏஐ மையம் ஒன்றுகூட இல்லை. இனி அப்படியொரு வறட்சி வந்தால் வரிசையில் இன்னொருவரும் நிற்பார்.

அதிகாரிகளுக்கு இது தெரியாமல் இல்லை. ஜோகூர் பாரு மேயராக இருந்த முகமட் நூராஸாம் ஒஸ்மான், மாநிலத்தில் நீரும் மின்சாரமும் போதாத நிலையில் உள்ளூர் மக்களின் தேவையை விட்டுக்கொடுத்து முதலீட்டைத் துரத்தக்கூடாது என்று 2024இலேயே வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு ஜோகூர் அரசாங்கம் தனிக் குழு அமைத்து விண்ணப்பங்களைச் சல்லடை போட்டது; சுமார் 30 விழுக்காடு நிராகரிக்கப்பட்டது. தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான் தந்த கணக்கு இன்னும் தெளிவானது. தரவு மையங்கள் கேட்டது நாளொன்றுக்கு 80 கோடி லிட்டருக்கும் மேல். கொடுக்க முடிந்தது சுமார் 14 கோடி லிட்டர். 2025இல் தரவு மையங்களுக்கென்று கன மீட்டருக்கு 5 ரிங்கிட் 33 சென் என்று தனி நீர்க்கட்டணம் வந்தது. ஆண்டுக் கடைசியில், அதிகம் நீர் குடிக்கும் முதல் இரண்டு நிலை மையங்களுக்கு இனி அனுமதியில்லை என்று ஜோகூர் அறிவித்தது. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தச் சொல்வதும் இப்போது வலுத்திருக்கிறது. சிங்கப்பூர் நியூவாட்டர் என்ற பெயரில் 2003 முதல் செய்துவருவது அது. என் பார்வையில் இதுதான் சரியான வழி. கணினியைக் குளிர வைக்க, குடிக்கத் தகுந்த தண்ணீர் எதற்கு?

பிள்ளையைத் திட்ட வேண்டாம்

இதைப் படித்துவிட்டு, வீட்டுப்பாடத்துக்கு ஏஐயிடம் கேட்கும் பிள்ளையிடம் கோபப்பட வேண்டாம். கூகள் 2025இல் வெளியிட்ட கணக்கின்படி, ஜெமினியிடம் எழுத்தில் கேட்கும் ஒரு சராசரிக் கேள்விக்கு 0.24 வாட் மணி மின்சாரமும் 0.26 மில்லிலிட்டர் தண்ணீரும் ஆகின்றன. சோற்றுப் பானையை ஒன்றேகால் விநாடி தட்டிவிட்டதற்குச் சமம், ஐந்து சொட்டுத் தண்ணீர். நிறுவனமே சொன்ன எண் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டாலும், தனி ஒருவரின் செலவு சிறியதுதான். ஏஐக்குப் பாடம் புகட்டும் பயிற்சிக் கட்டம், காணொளி உருவாக்கம், நாம் கேட்காமலே ஒவ்வொரு செயலியிலும் ஏஐயைத் திணிப்பது எல்லாம் சேரும்போதுதான் எண் வீங்குகிறது. கேள்வி உலகம் முழுவதிலுமிருந்து வருகிறது. சூடு ஒரே இடத்தில் இறங்குகிறது. அந்த இடம் கூலாய் என்பதுதான் நம் கவலை.

மின்கட்டணம் ஏறுமா என்பது எல்லாரும் கேட்பது. 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், மிக உயர் அழுத்தத்தில் மின்சாரம் எடுக்கும் தரவு மையங்களுக்குத் தனி வகை இருக்கிறது. எரிபொருள் விலைக்கு ஏற்ப மாதந்தோறும் மாறும் ஏ.எஃப்.ஏ. என்ற சேர்க்கை, மாதம் 600 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குக் கிடையாது. ஆகவே சாதாரண வீட்டுக்கு இப்போதைக்கு ஒரு தடுப்பு உண்டு. இரண்டு மூன்று ஏர்கோன் ஓடும் கூட்டுக் குடும்பங்கள் தங்கள் பில்லில் அந்த வரியைப் பார்ப்பது நல்லது.

வேலை விஷயத்தில் பெரிய எண்களை நம்ப வேண்டாம். கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் தேவை. ஓட ஆரம்பித்ததும் சிலநூறு பேர் போதும். ஆனால் அந்தச் சிலநூறில் பட்டதாரிகள் மட்டும் இருப்பதில்லை. உயர் அழுத்த மின்சாரம் பார்க்கும் சார்ஜ்மேன், சில்லர் பழுதுபார்ப்பவர், ஜெனரேட்டர் டெக்னீஷியன் எல்லாம் வேண்டும். சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழை எரிசக்தி ஆணையம் வழங்குகிறது. எஸ்.பி.எம். முடித்து ஃபேக்டரிக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைப் பேசலாம். லயத்தில் மாலை சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் மின்சாரம் வந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே நிலத்தில் இன்று மின்சாரம் ஒரு விநாடிகூட நிற்கக்கூடாது என்பதற்காக ஜெனரேட்டர்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கேலாங் பாத்தாவில் கட்டுமானத் தூசியும் இரைச்சலும் தாங்காமல் குடியிருப்பாளர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். கட்ட ஆரம்பித்த பிறகு பேசுவதைவிட முன்பே பேச வழி இருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர், ஊரகத் திட்டமிடல் சட்டப்படி, மாவட்டத்தின் நில உபயோகத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நகராண்மைக் கழக அலுவலகத்தில் அந்த வரைவு விரித்து வைக்கப்படும்போது நம்மவர் போய்ப் பார்ப்பது அபூர்வம். கோயில் நிர்வாகமோ குடியிருப்பாளர் சங்கமோ இரண்டு பேரை அனுப்பினால் போதும். குளிரூட்டுவது குழாய்த் தண்ணீரிலா மீட்ட தண்ணீரிலா, ஜெனரேட்டர்கள் வீடுகளிலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கும், வறட்சிக் காலத்தில் யாருடைய குழாயை முதலில் அடைப்பார்கள் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிக் கேட்கலாம்.