பட்டணத்தில் கைவேகம் கூடுவது ஏன்?

பிழைப்புக்காக ஊரைவிட்டு ஸ்ரீவராகத்தில் குடியேறியிருக்கும் நம்மில் அநேகர் ஒரு காரியத்தைக் கவனித்திருப்பீர்கள். கிராமத்தில் செய்ததைக்காட்டிலும் அதே கைகள் இங்கே அதிக வேலையைச் செய்து முடிக்கின்றன. கிராமத்தார் சோம்பேறிகள் என்று இதற்குக் காரணம் சொல்லுகிறவர்கள் உண்டு. அது நியாயமான பேச்சன்று.

கிராமத்துத் தையற்காரரை நினைத்துப் பாருங்கள். ரவிக்கை, பள்ளிச் சீருடை, தலையணை உறை ஆகிய யாவற்றையும் அவரே அளந்து, வெட்டி, தைத்து, காஜாவும் எடுக்கவேண்டும். இயந்திரத்தில் ஒரு பாகம் தேய்ந்துபோனால், பேருந்தேறிப் போய் வாங்கிவர அன்றைய வேலை கெட்டுவிடும். ஸ்ரீவராகத்தில் இருப்பவருக்கோ, திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய சாலைக் கடைத்தெரு அருகிலேயே இருக்கிறது. நூலும் பொத்தானும் வாங்கிக்கொண்டு சீக்கிரமாய்த் திரும்பிவிடுகிறார். கடையில் வெட்டுகிறவர் வேறு, தைக்கிறவர் வேறு. காஜாவுக்குத் தனி ஆள். ஒருவர் ஒரே வேலையைச் செய்து பிழைக்குமளவுக்கு இங்கே வாடிக்கையாளர் இருக்கிறார்கள். நாட்டுப்புறத் தச்சர் எல்லா மரவேலையையும் தாமே செய்யவேண்டியிருப்பதை ஆதம் ஸ்மித் 1776-லேயே எடுத்துக்காட்டினார்.

ஒரே தொழிலார் அருகருகே வாழும்போது தொழில்நுட்பம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகிறதென்று ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் எழுதினார். கொரிந்து பட்டணத்தில் பவுல், தம்மைப்போலவே கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கி வேலைசெய்ததை நாம் அறிவோம்.

நகரத்தின் அளவு இரு மடங்கானால் உற்பத்தித் திறன் ஏறக்குறைய 3 முதல் 8 சதவீதம் கூடுகிறதென்று 2004-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. திறமைசாலிகள் பட்டணத்தை நாடி வருவதும் இதற்கு ஓரளவு காரணமே. ஆனாலும் அமெரிக்காவில் கிளேசர், மாரே என்பவர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வைக் கவனியுங்கள். நகரத்துக்கு வந்தவரின் ஊதியம் வந்தவுடனே உயர்ந்துவிடுவதில்லை. வருஷங்கள் செல்லச்செல்லவே கூடுகிறது. நகரத்தைவிட்டுப் போனாலும் அந்த உயர்வு அவரைவிட்டு நீங்குவதில்லை. ஆகையால் ஊரிலுள்ள பெற்றோரே, முதல் சில மாதங்களில் வரும் பணத்தைக்கொண்டு மகனை எடைபோடாதிருங்கள்.

ஆனால் சொந்த ஊராரோடு மாத்திரம் ஒரே அறையில் தங்கி, மலையாளம் பேசக் கூச்சப்பட்டு, வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளும் வாலிபர், பட்டணத்து வாடகையை முழுதும் கொடுத்தும் அதின் கல்வியைப் பெறாதிருக்கிறார். வீட்டுக்குள்ளேயே கூலிக்குத் தைக்கும் சகோதரிகளின் நிலைமையும் அதுவே. கணவன்மாரே, வாரத்தில் ஓரிரு நாளாவது அவர்கள் கடைக்குப் போய், வெட்டுகிறவரின் மேசையருகே நின்று பழக வழிசெய்யுங்கள்.