கடலோரம் ஒரு குடித்தனம் – 6: சென்ட் விலை சொல்லாத கணக்கு

கோவையிலும் திருப்பூரிலும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஏறிக்கொண்டே போக, கடலோரச் சிற்றூர் ஒன்றுக்குக் குடிபெயரலாமா என்று யோசிக்கும் இளம் தம்பதிகள் முதலில் கேட்பது, ‘அங்கே சென்ட் என்ன விலை?’ என்றுதான். கொங்கு நாட்டில் அது இயல்பான கேள்வி. சைட் வாங்கிப் போடுவதே இங்கு சேமிப்பு. ஆனால் கடற்கரையில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டால் தவறான இடத்தில் போய் நிற்போம். மணல்நிலம் மலிவாகக் கிடைத்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் நிலம் வாங்க வேண்டாம், வாடகைக்குப் போகட்டும். அதுவும் கரையை ஒட்டாமல் சற்று உள்ளே தள்ளி, சின்ன டவுன் ஒன்றின் தெருவுக்குப் போகட்டும் என்பதே என் வாதம்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். கொங்கு மண்ணில் கிணறு வற்றினால் போர் போடுகிறோம். அதுவும் வற்றினால் ஆயிரம் அடிக்கு மேலும் இறக்குகிறோம். பாறை வெடிப்பு ஒன்றிலாவது தண்ணீர் சிக்கும் என்ற நம்பிக்கை. கடற்கரையில் இந்தப் பழக்கம் நம்மைக் கவிழ்த்துவிடும். அங்கே மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர்கள் நூறாண்டுக்கு மேலாகப் பயன்படுத்தும் கணக்கு. மோட்டார் இழுத்து அந்த மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். ஆழம் போகப் போகக் கரிப்பு. ராமநாதபுரம் கரையில் பெண்கள் மணலில் ஆழமில்லாத ஊற்று தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பியது இந்த அறிவினால்தான். நொய்யல் ஆறு சாயத்தில் கெட்டதைக் கண்ட திருப்பூர்க்காரர்களுக்கு, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் புதிதல்ல. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மழை முடிந்த தை மாதத்தில் எடுத்த அளவை மட்டும் காட்டி நிலத்தை விற்றுவிட முடியும். மே மாதத்தில் அதே கிணறு வேறு எண்ணைக் காட்டும். டவுனிலோ கிணற்றை மட்டும் நம்ப வேண்டியதில்லை, கூட்டுக் குடிநீர்க் குழாய் இருக்கிறது. பவானியையும் கரூரையும் கடந்து வரும் காவிரித் தண்ணீரைத்தான் ராமநாதபுரமே குடிக்கிறது.

அடுத்தது சட்டம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991இல் வந்தன. 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டன. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அவை செல்லும். ஊரகப் பகுதியில் மக்கள் அடர்த்தி குறைவாக இருந்தால், முதல் 200 மீட்டரில் வெளியூர்க்காரர் புதிதாக வீடு கட்டுவது நடவாத காரியம். பத்திரம் பதிவாகிவிடும், பட்டாகூடக் கிடைக்கலாம், ஆனால் செங்கல் வைக்க முடியாது. புரோக்கர் ‘பீச் வியூ’ என்று காட்டும் மனைகளில் எத்தனை இந்த எல்லைக்குள் வருகின்றன என்பதைப் பத்திர எழுத்தர் சொல்ல மாட்டார். மாவட்டக் கடற்கரை மண்டல வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வாடகை கரைந்துபோகும் பணம், நிலமென்றால் நிற்குமே என்பார்கள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதைச் சுட்டிக்காட்டி, கடலோர நிலத்தின் விலை ஏறும் என்பார்கள். முதலீட்டுக்கு அது நியாயமான பேச்சு. குழந்தை வளர வேண்டிய வீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, பல ஆண்டு உழைப்பான தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மண்ணின் மக்கள் திரும்ப எழுந்து நிற்கிறார்கள். அவர்களுக்குக் கடல்தான் தொழில். நமக்கு அது தேர்வு. ஓர் ஐப்பசி, கார்த்திகையை அந்த ஊரில் கழிக்காமல் வாழ்நாள் சேமிப்பை அங்கே புதைப்பது அவசரம்.

எந்த டவுன்? என் கணக்கில் நாகப்பட்டினமும் நாகூரும் முன்னால் நிற்கின்றன. எர்ணாகுளத்திலிருந்து காரைக்கால் செல்லும் எக்ஸ்பிரஸ் திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாக அங்கே போகிறது; தாத்தா பாட்டி வந்துபோக முடியும். திருப்பூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகளோடு ஒரே நாளில், 2022 ஜனவரியில், நாகையின் கல்லூரியும் திறக்கப்பட்டது. காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓட வேண்டிய தேவை அதனால் குறையும். பக்கத்திலேயே காரைக்கால் இருக்கிறது, ஜிப்மர் கிளையும் இருக்கிறது. ஆனால் காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடு, எல்லை தாண்டிப் படிக்கும் பிள்ளைக்கு இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே போனால் கேரளக் கரையின் பொன்னானி இன்னும் அருகில்தானே என்பதும் சரியே. அங்கே பள்ளியிலும் தெருவிலும் மலையாளம். குழந்தை கற்றுக்கொள்ளும், வேலை தேடும் பெற்றோருக்குத்தான் கடினம்.

சின்ன ஊரில் பிழைப்பு ஏது என்ற கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது. தம்பதியில் ஒருவருக்காவது கோவை சரவணம்பட்டி அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்க்க முடிய வேண்டும், அல்லது நர்ஸ், ஆசிரியர் போல எங்கும் தேவைப்படும் தொழில் கையில் வேண்டும். கடை வைக்க நினைப்பவர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைக் கணக்கில் எழுதியே ஆக வேண்டும். விசைப்படகு கரையில் நின்றால் மளிகை முதல் சலூன் வரை கல்லா மெலியும். வெளியாளை ஏற்பார்களா என்ற தயக்கமும் உண்டு. மீனவக் கிராமங்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் கீழ், உறவுக்குள் இறுகிக் கட்டப்பட்டவை. அங்கே தனி வீடு தேடுவது அவர்களுக்கும் சங்கடம். நாகூர் போன்ற பழைய வணிகத் தெருக்கள் வந்துபோகும் முகங்களுக்குப் பழகியவை.

ஜூனில் பள்ளி திறக்கும்போது குடியேறுவது வசதி. தடைக்காலம் முடிந்து ஊர் கலகலக்கத் தொடங்கும் மாதம் அது. வடகிழக்குப் பருவமழை முதல் ஆண்டிலேயே முழுதாக வந்து போய்விடும். வீடு பார்க்கும்போது, சுனாமித் தண்ணீர் எந்தத் தெரு வரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், கைகாட்டிச் சொல்வார்கள். வாடகை, கேன் தண்ணீர், பள்ளி வேன், ஊருக்கு வந்துபோகும் ரயில் செலவு ஆகியவற்றை மாதாமாதம் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த மே மாதம் வாங்க நினைக்கும் நிலத்தின் கிணற்று நீரை அளந்து பார்த்த பிறகு சென்ட் விலையை விசாரிக்கலாம்.

(தொடரும்)